இரவல் நோயாளிகள்

அம்மாடி,

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுத் தட்டின் முன்னால் நான் கத்தியது தப்புதான். மாப்பிள்ளை எதிரில், "உனக்கெல்லாம் எதுக்கு இந்தப் பதவி" என்று கேட்டிருக்கக் கூடாது. நீ கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் எழுந்து போய்விட்டாய். உன் ஆட்டோ தெருமுனை திரும்புகிற வரைக்கும் அம்மா வாசலில் நின்றாள். அப்புறம் உள்ளே வந்து என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதற்கு இரண்டு அறை கொடுத்திருந்தால்கூடத் தேவலை. அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. தொழிற்சாலையில் எடுத்த கருவியை எங்கே வைத்தேன் என்று தேடுகிறேன். வீட்டுக்கு வந்தால் உட்காருகிறேன், எழுந்திருக்கிறேன், ரயில்வே கேட் வரைக்கும் போய்விட்டுச் சும்மா திரும்பி வருகிறேன். நேற்று போன் பூத்துக்குப் போய் உன் நம்பரைப் போட்டு, மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டேன். பேசினால் மறுபடியும் கத்துவேன். எழுதும்போதுதான் எனக்குக் கோபம் கொஞ்சம் மெதுவாக வருகிறது. மாப்பிள்ளையின் தம்பியிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். உறையை ஒட்டவில்லை. உன் வீட்டில் யார் வேண்டுமானாலும் பிரித்துப் படிக்கட்டும், உன் சின்ன மாமனார் உட்பட. இதில் ஒளிக்க ஒன்றும் இல்லை.

வியாழக்கிழமை உன் ஊருக்குச் சட்டமன்றக் குழு வருகிறது. அரசாங்கம் கொடுத்த பணம் ஒழுங்காகச் செலவாகியிருக்கிறதா என்று பார்க்க வருகிறார்கள். பார்க்கப் போகிற இடங்களில் உன் ஊர்ப் பள்ளிக்கூடமும் ஒன்று. அந்தப் புது வகுப்பறைகள் நீ பஞ்சாயத்துத் தலைவி ஆவதற்கு முன்னால், அதிகாரிகளே பஞ்சாயத்தை நடத்திக்கொண்டிருந்த காலத்தில் கட்டியவை. உன் கையெழுத்து அதில் எங்கேயும் இல்லை. ஆனால் ஒப்பந்தம் எடுத்துக் கட்டியவர் உன் மாமனாரின் கூடப் பிறந்த தம்பி. முதல் மழைக்கே ஒழுகிற்று. போன மாதம் கூரையின் அடிப்பூச்சு பெயர்ந்து பெஞ்சு மேல் விழுந்தது. அன்றைக்குப் பள்ளிக்கூடம் லீவு. இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று உனக்கும் தெரியும். அதற்குப் பிறகு வாத்தியார் பிள்ளைகளை வெளியே வேப்ப மரத்தடியில்தான் உட்கார வைக்கிறார். இப்போது நீ அந்த அறையைப் பூசி வெள்ளையடித்து வைத்திருக்கிறாய். உன் ஊர்க்காரர்களில் பாதிப் பேர் அதற்குள் பிள்ளைகளை அனுப்ப மாட்டோம் என்று சொல்லிவிட்டதால், பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்திலிருந்து வேன் வைத்துப் பிள்ளைகளைக் கூட்டி வந்து உட்கார வைக்கப் போகிறாய். இதை நீயே என்னிடம் சொன்னாய், குழம்பைப் பிசைந்துகொண்டே, கல்யாணத்துக்குப் பந்தல் போடுகிற மாதிரி.

"ஒரு மணி நேரம்தானேப்பா. வந்து பாத்துட்டுப் போயிடுவாங்க. நல்லா இல்லைன்னு எழுதிட்டாங்கன்னா அடுத்த வருஷம் நமக்கு எதுவும் ஒதுக்க மாட்டாங்க. வீட்லயும் பேஜாராயிடும்" என்றாய். அந்த ஒரு மணி நேரம்தான் என் மண்டைக்குள் ஆணி மாதிரி இறங்கிவிட்டது. ஏனென்றால் நீ நாலாம் வகுப்பு படிக்கும்போது அப்படி ஒரு மணி நேரம் கட்டிலில் படுத்திருந்தவள். நெற்றியில் ஈரத் துணி போட்டு, கழுத்து வரைக்கும் போர்த்தி விட்டிருந்தார்கள். அந்த வயசில் உனக்கு அது பாதிதான் புரிந்திருக்கும். மிச்சத்தை நான் சொல்கிறேன், பொறுமையாகக் கேள். எனக்கே பொறுமை இல்லை, உன்னைக் கேட்கச் சொல்கிறேன் பார்.

அப்போது ஊரப்பாக்கத்தில் இவ்வளவு வீடுகள் கிடையாது. நம் தெருவுக்குப் பின்னால் ஏரிக்கரை வரைக்கும் வெறும் மனைக் கற்கள்தான். ஊருக்குள் ஒரு ஆரம்ப சுகாதார நிலையம் கட்டினார்கள். ஆறு கட்டில், பிரசவ அறை, நர்ஸ் தங்குவதற்குப் பின்னால் ஒரு வீடு. திறப்பு விழாவுக்குத் தோரணமெல்லாம் கட்டி ஊரே போய் நின்றது. அப்புறம்தான் கதை தெரிந்தது. டாக்டர் ஒருத்தர். சின்ன வயசு, நல்ல பையன். அவர் தலையில் இன்னொரு ஊர் நிலையத்தையும் கட்டிவிட்டிருந்தார்கள். வாரத்தில் பாதி நாள் காலையில் மட்டும் வருவார். பகலில் ஒரு நர்ஸ் இருந்து ஊசி போடுவாள், மாத்திரை கொடுப்பாள். சாயங்காலம் ஆனால் பூட்டு. நர்ஸ் வீட்டில் யாரோ ஆடு கட்டி வைத்திருந்தார்கள். நல்ல வெளிச்சமான ஆறு கட்டில்களை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, நோயாளியைத் தூக்கிக்கொண்டு தாம்பரத்துக்கோ செங்கல்பட்டுக்கோ ஓட வேண்டும்.

ஒரு தடவை அம்மா ரொம்ப நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள், உனக்கு ஞாபகம் இருக்கும். உன்னை மாவு மில் கோகிலா அக்கா வீட்டில் விட்டிருந்தோம். அதற்குப் பிறகுதான் நான் மனு எழுத ஆரம்பித்தேன். அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்பதைக் கொஞ்சம் தள்ளிச் சொல்கிறேன். நான் எழுதுவதைவிட அவள் சொன்னதை அப்படியே சொன்னால்தான் சரியாக இருக்கும்.

நம் தொகுதி எம்.எல்.ஏ. அப்போது எதிர்க்கட்சிக்காரர். தெருவில் நாலு பேராகப் போய் அவரைப் பார்த்தோம். சட்டை போடாமல் துண்டோடு உட்கார்ந்து, மனுவை இரண்டு தடவை படித்தார். "நான் கட்டிக் குடுக்க முடியாது, சார். டாக்டர் போட முடியாது. கேக்க முடியும். கேக்கறேன்" என்றார். சொன்ன மாதிரியே சபையில் கேள்வி போட்டார். இரவில் நர்ஸும் டாக்டரும் இருக்க ஆவன செய்யப்படும் என்று மந்திரி பதில் சொன்னார். நம் தெருவில் வெடி வெடித்தார்கள். நான் மட்டும் முறைத்துக்கொண்டு நின்றேன். ஆவன செய்யப்படும் என்றால் என்ன அர்த்தம், எப்போது செய்யப்படும், யார் செய்வார் என்று எம்.எல்.ஏ. வீட்டு வாசலிலேயே போய் நின்று கேட்டேன். அவர் சிரித்தார். "சார், அது வெளிய சொன்னா சும்மா பேச்சு. சபையில சொல்லிட்டா அதுக்குப் பேரு உறுதிமொழி. அதக் குறிச்சு வெச்சுகினு, செஞ்சாங்களா இல்லையான்னு பாக்கறதுக்குன்னே எம்.எல்.ஏ.ங்க குழு ஒண்ணு கீது. எல்லாக் கட்சிக்காரனும் அதுல இருப்பான். செய்யற வரைக்கும் அது நிலுவை. செஞ்சாச்சுன்னு அவங்க எழுதிட்டா முடிஞ்சுது. அப்பறம் நானே தலைகீழா நின்னாலும் பழைய பாட்டுன்னு தள்ளிடுவாங்க" என்றார். எனக்கு அது பிடித்துப் போயிற்று. நான் பார்க்கிற வேலையும் அதுதானே. மறைமலை நகரில் வண்டிப் பாகங்களை அளந்து பார்த்துத் தள்ளுகிற செக்‌ஷனில் இருக்கிறவன் நான். என் கையில் ஒரு ஸ்பேனர் கிடையாது. இது சரியில்லை என்று சொல்கிற உரிமை ஒன்றுதான். அதை வைத்துக்கொண்டுதான் இத்தனை வருஷம் சோறு தின்கிறேன்.

ஆனால் எங்கள் தொழிற்சாலையிலேயே நான் பார்த்திருக்கிறேன். வாங்குகிற கம்பெனிக்காரன் பார்க்க வருகிறான் என்றால் முதல் நாளே தரைக்கு மஞ்சள் கோடு அடிப்பார்கள். தேறாத பாகங்களைச் சாக்கில் கட்டி கேன்டீன் பின்னால் தள்ளிவிடுவார்கள். எங்களுக்குப் புதுச் சட்டை கொடுப்பார்கள். வந்தவன் பஜ்ஜி சாப்பிட்டுவிட்டுக் கைகுலுக்கிப் போவான். அடுத்த வாரம் அதே பாகம் எங்கேயோ வண்டியில் உடைந்து திரும்பி வரும், திட்டு எங்களுக்கு. இது தெரிந்தும், நம் ஊரில் அப்படி நடக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அங்கே முதலாளிக்கு லாபம் உண்டு. இங்கே பாதிக்கப்பட்ட ஜனங்களே எதற்குக் கோடு அடிக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

குழு வருகிற தேதி தெரிந்ததும் ஊருக்குள் ஒரு பேச்சு கிளம்பிற்று. யார் கிளப்பினார்கள் என்று இன்றைக்கும் தெரியாது. ஆபீஸ் பியூன் சொன்னான் என்றார்கள், ஜீப் டிரைவர் சொன்னான் என்றார்கள். கட்டில் காலியாக இருந்தால் இந்த ஊருக்கு ஆஸ்பத்திரி தேவையில்லை என்று எழுதி, அதை வேறு ஊருக்கு மாற்றிவிடுவார்களாம். கோகிலா அக்காவுக்கு இது போதாதா? மாவு மில்லை மூடிவிட்டு வீடு வீடாகப் போயிருக்கிறாள். "இன்னா ஆனாலும் நம்ம ஆஸ்பத்திரி நம்ம ஊர விட்டுப் போவக் கூடாது. ஆறு கட்டில், ஆறு பேரு. ஒரு மணி நேரம் படுத்துகினு கெடந்தா முதுகு தேஞ்சிடுமா?" என்று ஆள் சேர்த்திருக்கிறாள். எனக்கு இதை யாரும் சொல்லவில்லை. சொன்னால் குதிப்பேன் என்று தெரியும். நான் காலை ஷிப்ட் போய்விட்டு, அரை நாள் லீவு போட்டு, ஸ்டேஷனிலிருந்து நேராகச் சுகாதார நிலையத்துக்கு வந்து எம்.எல்.ஏ. பக்கத்தில் நின்றுகொண்டேன். நல்ல சட்டை போட்டிருந்தேன். நம் ஊர் நியாயம் இன்றைக்குத் தெரியப் போகிறது என்று மனசு குதித்துக்கொண்டிருந்தது.

குழு வந்தது. தலைவர் தெற்கத்திப் பக்கம், நல்ல உயரம், மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுப் பேசுகிறவர். பின்னால் நாலைந்து உறுப்பினர்கள், எழுதிக்கொள்கிறதற்குக் கோட்டையிலிருந்து ஒருத்தர், மாவட்டத்து அதிகாரி, நம் டாக்டர். வாசலில் கோலம் போட்டிருந்தது. எலுமிச்சம்பழ ஜூஸ் கொடுத்தார்கள். உள்ளே போனோம். ஆறு கட்டிலிலும் ஆள். முதல் கட்டிலில் கோகிலா அக்கா, கையில் கட்டு. மூன்றாவது கட்டிலில் நீ. தலைவர் உன் பக்கத்தில் நின்று, "என்ன பாப்பா, மேலுக்கு என்ன செய்யுது?" என்றார். நீ இரண்டு தடவை இருமினாய். என்னைப் பார்த்ததும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாய். அதற்கு அடுத்த கட்டிலில் உன் அம்மா, சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள்.

"நீங்க எத்தனை நாளா இருக்கீங்க தாயி?" என்று கேட்டார். "மூணு நாளாங்க. நல்லா கவனிக்கிறாங்க" என்றாள் அம்மா, சுவரைப் பார்த்தபடியே. ராத்திரியில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். நர்ஸம்மா இருக்காங்க என்றாள். எழுதுகிறவர் எழுதிக்கொண்டார். மாவட்டத்து அதிகாரியின் முகம் மலர்ந்தது. தலைவர் கண்ணாடியை இறக்கிக்கொண்டு, "அப்ப இது செஞ்சாச்சுன்னுதான் போடணும்" என்று சொல்லிவிட்டு வாசல் பக்கம் திரும்பினார். எம்.எல்.ஏ. என்னைப் பார்த்தார். அவருக்கும் புரிந்துவிட்டது. ஆனால் அவரும் ஓட்டு வாங்க வேண்டியவர். இத்தனை வீட்டைப் பகைத்துக்கொள்ள முடியுமா? வாயைத் திறக்கவில்லை.

நான் திறந்துவிட்டேன். யோசித்துச் செய்தேன் என்று சொன்னால் பொய். "ஐயா, அந்தக் கட்டில்ல படுத்திருக்கறது என் சம்சாரம். காலைல எனக்கு இட்லி சுட்டுப் போட்டுட்டு வந்திருக்கா. இந்தப் பக்கம் என் பொண்ணு. ஜுரமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. எல்லாம் நாடகம்" என்று கத்தினேன். என் குரல் அந்தச் சுவர்களில் மோதித் திரும்பியது எனக்கே கேட்டது. நீ துணியை எடுத்து எறிந்துவிட்டு அழ ஆரம்பித்தாய். ஒரு உறுப்பினர் சிரித்தேவிட்டார். அந்தச் சிரிப்பை அம்மா கேட்டாள். அதற்காக இன்று வரைக்கும் எனக்கு வருத்தம் உண்டு.

தலைவர் முதலில் பாய்ந்தது டாக்டர் மேல். "என்னய்யா, எங்களை என்ன கேனப் பயலுகன்னு நெனச்சீரா? சஸ்பெண்ட் பண்ணச் சொல்லட்டுமா?" என்றார். அந்தப் பையனுக்கு நிஜமாகவே எதுவும் தெரியாது. கோகிலா அக்கா கைக்கட்டை அவிழ்த்துப் போட்டுவிட்டு எழுந்தாள். "டாக்டர ஒண்ணும் சொல்லாதீங்க. அவரு இப்பத்தான் பஸ்ஸ வுட்டு எறங்கி வந்தாரு. நாங்கதான் படுத்தோம்" என்றாள். ஏன் படுத்தீர்கள் என்று அவர் கேட்டார். அப்போதுதான் அம்மா எழுந்து உட்கார்ந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

"அவரு சொல்றது நெசந்தாங்க. எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா போன ஐப்பசியில நான் இதே வாசல்ல படுத்துகினு கெடந்தேன். ஏழு மாசம் எனக்கு. விடியக்காலம், ஒரே மழை. கட்டிலெல்லாம் உள்ள கீது, நான் வெளிய கீறேன், நடுவுல பூட்டு. அவரு கதவப் போட்டு ஒதைக்கிறாரு. பால் வண்டி வந்துச்சு, அதுல ஏத்திகினு தாம்பரம் போனாங்க. கொழந்த தங்கல. ஆம்பளப் புள்ள" என்றாள்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்பறம் ஏன் தாயி இங்கன வந்து படுத்துக்கிட்டு, நல்லா கவனிக்கிறாகன்னு சொல்லுதீங்க?" என்று கேட்டார், மெதுவாக.

"ஆளு இல்லைன்னா இதையும் தூக்கிகினு போயிடுவாங்கன்னு சொன்னாங்க. பூட்டிக் கெடந்தாலும் எங்க ஊர்ல ஒண்ணு கீதுன்னு இருந்தோம். அடுத்த வாட்டி எவளுக்காச்சும் தெறந்து இருக்கும் இல்ல?" என்றாள் அம்மா.

அம்மாடி, இதை எழுதிவிட்டு எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். நான் எழுதிய மனு இரண்டு பக்கம். அதில் பொதுமக்கள் பெரிதும் அவதியுறுகின்றனர் என்று இருந்தது. நம் குழந்தையைப் பற்றி ஒரு எழுத்து கிடையாது. அது வீட்டு விஷயம், அதைப் போய்க் கோட்டை வரைக்கும் எழுதுவார்களா என்று விட்டுவிட்டேன். அவள் அந்தக் கட்டிலில் உட்கார்ந்து சொன்ன பிறகுதான் மற்றவர்களுக்கு வாய் வந்தது. கோகிலா அக்கா, தன் வீட்டுக்காரருக்குத் தேள் கொட்டி வண்டலூர் வரைக்கும் சைக்கிளில் உட்கார வைத்துத் தள்ளிப் போனதைச் சொன்னாள். மற்றப் பெண்களும் கட்டிலிலிருந்து காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஆளாளுக்குப் பேசினார்கள். எழுதுகிறவர் ஏற்கெனவே எழுதியதை அடித்துவிட்டு வேறு பக்கம் திருப்பினார்.

தலைவர் அதற்குப் பிறகு டாக்டரைப் பார்க்கவே இல்லை. மாவட்டத்து அதிகாரியிடம் திரும்பினார். "இங்க ராத்திரி நர்ஸுக்குப் பணியிடம் இருக்கா இல்லியா?" இருக்கிறது என்றார் அதிகாரி. "சம்பளம்?" வருஷா வருஷம் ஒதுக்குகிறோம் என்றார். "அப்ப அந்தப் பொண்ணு எங்க?" அதிகாரி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். அந்த நர்ஸை மாற்றுப் பணியில் டவுன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறது, அங்கே ஆள் பற்றாக்குறை என்றார். "சரி. சம்பளம் இந்த ஊர் பேர்ல, வேலை அந்த ஊர்ல. மந்திரி சபையில சொன்னது எந்த ஊருக்குய்யா?" என்று கேட்டார். இது நிலுவையிலேயே இருக்கும், துறைச் செயலாளர் கோட்டையில் குழு முன்னால் வந்து சொல்லட்டும் என்று சொல்லிவிட்டு, கும்பிட்டுக் கிளம்பினார்கள். போகும்போது அம்மாவைப் பார்த்து நின்று இன்னொரு தடவை கும்பிட்டார். என்னைப் பார்த்து ஒன்றும் செய்யவில்லை.

அன்றைக்கு நான் கத்தியதைத்தான் நீ ஞாயிற்றுக்கிழமை சொல்லிக் காட்டினாய். "நீங்க உண்மையச் சொன்னீங்க. அம்மா உங்ககிட்ட எத்தனை நாள் பேசாம இருந்தாங்க தெரியும் இல்ல? நான் சொன்னா எங்க வீட்ல ஜென்மத்துக்கும் பேச மாட்டாங்க" என்றாய். அதற்குப் பதில் இல்லாமல்தான் நான் கத்தினேன். அது உண்மைதானே. அம்மா தட்டை வைப்பாள், சோற்றைப் போடுவாள், முகத்தைப் பார்க்க மாட்டாள். நீயும் கோகிலா அக்கா வீட்டிலேயே கிடந்தாய். தெருவில் இரண்டு வீட்டில் எனக்குப் பத்திரிகை வைக்காமல் கல்யாணம் நடந்தது. ஒரு நாள் அம்மாவே வாயைத் திறந்தாள். "நீ சொன்னது தப்பு இல்ல. ஆனா என்னைக் காட்டிக் குடுத்துட்டு நீ சொன்ன. என்னைக் கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேன்" என்றாள்.

நர்ஸ் வந்தாள். உடனே இல்லை. கோட்டையில் இரண்டு மூன்று தடவை கூப்பிட்டுக் கேட்ட பிறகு, ஆட்டை அவிழ்த்துவிட்டு, வீட்டுக்கு வெள்ளையடித்து, ஒரு கைக்குழந்தையோடு வந்து குடியேறினாள். கோகிலா அக்காவின் மருமகளுக்கு அங்கேதான் பிரசவம் ஆயிற்று. ராத்திரி டாக்டர் என்பது வரும், போகும். அப்புறம் தேர்தல் வந்தது. அந்த எம்.எல்.ஏ. தோற்றார். குழுவில் வேறு ஆட்கள் வந்தார்கள். மறுபடி நாங்கள் புதுக் கேள்வி, புது மனு என்று அலைந்தோம். இன்றைக்கும் அங்கே எல்லாம் சரியாக நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அன்றைக்கு அதைச் செஞ்சாச்சு என்று எழுதியிருந்தால், அந்த நர்ஸ் வீட்டில் இப்போதும் ஆடுதான் இருக்கும்.

உனக்கு நான் என்ன சொல்ல வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமையிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். அந்தக் குழுக்காரர்கள் கையில் செங்கல்லும் இல்லை, சிமெண்டும் இல்லை. உன் சின்ன மாமனாரை ஜெயிலில் போடவும் அவர்களால் முடியாது. கேட்பார்கள், அவ்வளவுதான். அந்த வேலைக்குப் பணம் கொடுத்தது யார், அளந்து பார்த்துக் கையெழுத்துப் போட்ட என்ஜினீயர் யார், முதல் மழைக்குப் பிறகு யாரிடம் சொன்னீர்கள் என்று ஒன்றன் பின் ஒன்றாகக் கேட்டால்தான் முடிச்சு அவிழும். முதல் கேள்விக்கே நீ வெள்ளையடித்த சுவரைக் காட்டிவிட்டால் இரண்டாவது கேள்வி அவர்கள் வாயில் வராது. நல்லா இருக்கிறது என்று எழுதிவிட்டுப் போவார்கள். அதற்குப் பிறகு அந்தக் கூரையை இடித்துக் கட்டப் பணம் கேட்டு நீ எந்த ஆபீஸுக்குப் போனாலும், குழுவே பார்த்துச் சரி என்று சொல்லியாயிற்றே அம்மா என்பார்கள். மழை வந்தால் வாத்தியார் பிள்ளைகளை எங்கே கொண்டு போவார்? அந்த அறைக்குள்தான் கொண்டு போவார். அது உன் பிள்ளைகள் மேல் விழுந்தால் என்ன செய்வாய், சொல்.

உன் பயம் சும்மா பயம் இல்லை. உன் சின்ன மாமனார் கெட்டவரும் இல்லை, உன் கல்யாணத்தில் ஓடியாடி வேலை செய்தவர். யாருக்கு எவ்வளவு அழுத பிறகு அந்தச் சிமெண்டு வாங்கினாரோ, அதுவும் எனக்குத் தெரியாது. வியாழக்கிழமைக்குள் அவரைத் தனியாக உட்கார வைத்து, நான் சொல்லத்தான் போகிறேன், நீங்களும் பக்கத்தில் நின்று நடந்ததைச் சொல்லுங்கள் என்று கேள். நான் உன் அம்மாவைக் கேட்காமல் விட்டதை நீ விடாதே. அவர் கத்தினால் கத்தட்டும். என் பொண்ணுக்குக் கத்துகிறவர்களைப் பார்த்துப் பழக்கம்தான்.

முன் வரிசையில் நாற்காலி போட்டு வைக்கிறேன், வாங்கப்பா என்று கூப்பிட்டிருக்கிறாய். நான் வரவில்லை. என் வாயைப் பற்றி எனக்குத் தெரியும். தலைவர் உன்னைப் பார்த்து, பள்ளிக்கூடம் நல்லா நடக்குதாம்மா என்று கேட்பார். நீ பதில் சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் நேரம் ஆகும். அந்த நேரத்தை நான் பொறுக்க மாட்டேன். நானே எழுந்து சொல்லிவிடுவேன். அப்புறம் அது அப்பன் சொன்னதாகிவிடும். ஊர் ஓட்டுப் போட்டது உனக்கு, எனக்கு இல்லை. அதனால் வியாழக்கிழமை நான் வேலைக்குப் போகிறேன்.

அம்மா வருகிறாள். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், சண்டை போட்டும் பார்த்தேன், கேட்கவில்லை. உன் வேலையில் குறுக்கே வர மாட்டாளாம். குழு முன்னால் வாயே திறக்க மாட்டாளாம். முன் வரிசை நாற்காலியும் வேண்டாமாம். பிள்ளைகளை அந்த அறைக்குள் உட்கார வைத்தால் மட்டும், அவளும் உள்ளே போய் அந்தக் கூரைக்குக் கீழே அவர்களோடு உட்கார்ந்துகொள்வாளாம்.

அப்பா